பெருவிரல்

வெள்ளவத்தை, மூன்றாம் மாடி.
கடலோரம் ரயில் போகும்போதெல்லாம்
கோப்பைக்குள் தேத்தண்ணி நடுங்கும்.

ஏழாயிரத்து நாற்பது பதிவுகள்.
ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் இடுகிறேன்:
வதந்திக்கு ஒன்று, வசவுக்கு இரண்டு,
பகிடிக்கு மூன்று.
பகிடிதான் கஷ்டம்.

"வெயில் கொல்லுது" என்று எழுதிய
கொட்டாஞ்சேனைப் பெடியனின் கணக்கை
வன்முறை என்று மூன்று நாள் பூட்டிவைத்தது இயந்திரம்.
"அவையளுக்கு ஒருக்கா நல்ல பாடம் படிப்பிக்கோணும்"
இன்னும் அப்படியே கிடக்கிறது,
கீழே நானூறு கைகூப்பல்களோடு.
பாடம், படிப்பு;
மங்கலமான சொற்கள் அல்லவா.

கிருலப்பனை வாய்க்காலில் மிதந்த வாக்குப்பெட்டி
வெறும் மீன்பெட்டி என்று நிறுவ
எனக்கு ஒன்பது நாள் எடுத்தது.
தேர்தல் அதற்குள் முடிந்துவிட்டது.
ஓட்டோக்கார நிஹாருக்குப் படத்தைப் பெருப்பித்து
மூடியில் ஒட்டியிருந்த செதிலைக் காட்டினேன்.
சிவப்பு விளக்கில் நின்று, வடிவாகப் பார்த்தார்.
"மீன்பெட்டிதான் மிஸ்.
அப்ப மத்தது எங்க போச்சு?"

அதற்கு என் அட்டவணையில் எண் இல்லை.

இன்றிரவு 4107ஆம் வரி.
அதே படம், இரவு 11.52.
"உண்மையோ தெரியேல்ல, எதுக்கும் பாருங்கோ."
அனுப்பியது நான்.

நெறிமுறைக் குழு சொன்னபடி
பெயரை அழித்துவிட்டு
வதந்தி என்று ஒன்றை இட்டேன்.
பிறகு அழித்தேன். பிறகு இட்டேன்.

இடது சின்னவிரல் நகக்கண்ணில்
வாக்குச்சாவடி மை இன்னும் நாவல் நிறத்தில்.
ஒருக்காப் போட்டவரை
மறுபடி உள்ளே விடமாட்டார்கள்.

பெருவிரலைத் திருப்பிப் பார்க்கிறேன்.
சுத்தமாக இருக்கிறது.