அரைப்புள்ளி

செக்காலை ரோட்டில் செல்போன் கடைக்கு மேல்மாடி.
மின்விசிறி ஒருச்சாய்த்துச் சுற்றிக்கொண்டிருந்தது.
"சீசன் இல்ல ஆச்சி,
ஐப்பசி கடைசி, காத்தடிக்கும்,
அதான் பாதி வெல" என்றான் அஜ்மல்.
பிறகு கணினியை என் பக்கம் திருப்பி,
தானே விலை வைத்தவன் போலக் கூச்சத்தோடு:
"ஆனா ஒத்த ஆளுக்கும்
ரெண்டு பேர் காசு வாங்குவாக.
ரூமே சோடிக்குன்னுதான் கட்டிருக்கு."

நான் சிரித்ததைத் தப்பாக எடுத்துக்கொண்டு
மும்பைக்குப் போன் போட்டுத் தள்ளுபடி கேட்டான்.

அவனுக்கு எப்படிச் சொல்ல?
எங்கள் கோயில் பேரேட்டில்
புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து ஒரு புள்ளி.
ஒருவர் போனால் மிச்சம் அரை.
ஆறு வருஷமாய் நான் அரைப்புள்ளி,
அரை வரி.
ஊர் பாதியாய் எண்ணியவளை
யாரோ முகம் தெரியாத கம்பெனிக்காரன்
இரண்டாக எண்ணுகிறான்.
பேரம் பேசாமல் ரொக்கத்தை வைத்தேன்.

மகனிடம், மதுரைக்குக்
கண் காட்டப் போகிறேன் என்றேன்.
விடியுமுன் பல்லவனில் ஏறினேன், சென்னைக்கு.

எங்கள் தெருவிலிருந்து கப்பலேறியவர்கள் எல்லாம்
சம்பாதிக்கப் போனவர்கள்.
செலவழிக்கப் போனவள்
நான்தான் போல.

கப்பலில் பாதிக்கு மேல் காலி.
நீச்சல் குளத்தை வலை போட்டு மூடியிருந்தார்கள்.
இரவு ஆட்டத்துக்கு மூன்று பேர்,
அதில் இருவர் வாத்தியக்காரர்கள்.

அறையில் எல்லாமே இரண்டு.
இரண்டு தலையணை, இரண்டு மிதவைச் சட்டை,
துண்டில் மடித்த இரண்டு அன்னம்
அலகோடு அலகு முட்டிக்கொண்டு.
லால்ரெம் என்று மிசோரம் பையன் ஒருத்தன்
மறுநாள் அன்னங்களைப் பிரித்துவிட்டு
ஒரே ஒரு யானை செய்து வைத்திருந்தான்.
துதிக்கையைத் தூக்கிக்கொண்டு
கட்டில் முழுக்க அதுதான்.

வாந்தி எடுத்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.
கொண்டுபோன நார்த்தங்காயை
நக்கி நக்கியே ஒரு பகல்.

அந்த ராத்திரி மேல்தளத்தில்
கடலில் மழை பெய்வதைப் பார்த்தேன்.
ஊருணி பாதி நிரம்பினாலே
போய் நின்று பார்க்கிற ஊர்க்காரி நான்.
வயிறெரிந்தது:
இவ்வளவு தண்ணியும் இங்கேயா கொட்ட வேண்டும்!
அப்புறம், எவ்வளவு நேரமோ தெரியவில்லை,
எரிச்சல் போய்விட்டது.
கேட்பாரில்லாமல் பெய்துகொண்டிருந்தது, அவ்வளவுதான்.
நனைந்துகொண்டு நின்றேன்.
அவருக்கு ஈரம் ஆகாது,
இந்நேரம் உள்ளே கூப்பிட்டிருப்பார்
என்று நினைத்துக்கொண்டே
இன்னும் கொஞ்சம் நின்றேன்.

திருகோணமலையில் இறக்கவில்லை.
விளக்குகளை எண்ணுகிற தூரம் வரை போய்
அலை கூடாதென்று திரும்பிவிட்டார்கள்.
பணத்தைக் கேட்டுச் சிலர் சத்தம் போட்டார்கள்.
நான் இன்னொரு தோசை கேட்டேன்.
கரை பார்க்கவா வந்தேன்?

பள்ளத்தூர் திரும்பி மூன்று நாளாகியும்
தரை நிற்கவில்லை.
பூப்போட்ட கல்லெல்லாம்
மெல்ல ஏறி, மெல்ல இறங்கின.
"கண்ணு எப்படிம்மா?" என்றான் மகன் போனில்.
"தூரம் நல்லாத் தெரியுது."

நாலாம் நாள் கோயில் கணக்கர் பெரியகருப்பன்
ரசீதுப் புத்தகத்தோடு வந்தார்.
நிலையைப் பிடித்துக்கொண்டு நின்ற என்னை
"தல சுத்துதா ஆச்சி? உக்காருங்க" என்றார்.
இரண்டாயிரத்து ஐந்நூறை நீட்டினேன்.
எண்ணினார். மறுபடி எண்ணினார்.
"முழுப்புள்ளிக்குல்ல குடுத்திருக்கிய.
ஒங்களுக்குப் பாதிதான்.
கணக்கு இடிக்கும்."

இடிக்கட்டும் என்று நாக்குவரை வந்தது.
அந்த மனுஷர் என்ன செய்வார்,
பேரேடு அவர் எழுதியதில்லை.

திருப்பித் தந்த பாதியைப்
பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு
மூடியை இறுக்கினேன்.
தை பிறந்தால் விலை ஏறிவிடும்.
ஆடியில் காற்று எப்படியென்று
அஜ்மலைக் கேட்க வேண்டும்.