இடம் வலம்

ஐந்து ஜோடி. யார் செய்தது என்று தெரியாதபடி
கறுப்பு நாடா ஒட்டி, வெள்ளையில் எண் எழுதி
மேசையில் அடுக்கிவிட்டு ஸொல்வாய் போய்விட்டாள்.
விலை சொல்லமாட்டாள்.
விலை தெரிந்தால் காது எழுந்து நின்று கும்பிடும்
என்பது இங்கே எல்லாருக்கும் தெரியும்.

வெளியே லிம்ஃபியோர்டின் மேல்
மழையா பனியா என்று வானம் இன்னும் முடிவெடுக்கவில்லை.
உள்ளே, எதிரொலி செத்த அறை.
கை தட்டினால் கைகள் தொட்டுக்கொள்ளும், அவ்வளவுதான்.
இங்கே உட்கார்ந்து கேட்பதற்கு எனக்குச் சம்பளம்.

ஒன்று.
ஆட்டுத்தோல் மெத்தை. முதல் நிமிடம் குளிர்ச்சி.
இருபதாவது நிமிடம் மூக்குக்கண்ணாடியின் காம்பைக்
காதின் பின்னெலும்பில் அழுத்தித்
தன் கையெழுத்தைப் போட்டது.
"பிடிப்பு அதிகம், கைது செய்வது போல" என்று எழுதினேன்.
பாஸ் பெரிய வீடு; உள்ளே யாரும் குடியில்லை.
இடப்பக்கம் மேல்சுரம் கொஞ்சம் மங்கல்.

இரண்டு.
நானூற்றுப் பன்னிரண்டு கிராம்.
பட்டை முழுவதும் பரவவேண்டிய பாரம்
உச்சியில் முடி விட்டுப்போன வட்டத்தில் மட்டும்
வந்து உட்கார்ந்துகொண்டது.
பாடுகிறவள் என் நெற்றிக்குள் நின்று பாடினாள்.
கொஞ்சம் தள்ளி நில்லம்மா என்று சொல்லத் தோன்றியது.
காதுமடல் வேர்த்தது, பிப்ரவரியில்.
இடப்பக்கம் மங்கல்.

மூன்று, இருப்பதே தெரியவில்லை.
காபி எடுக்க எழுந்து நடந்துவிட்டேன்;
கம்பி இழுத்து ஞாபகப்படுத்தியது.
சௌகரியத்துக்குப் பத்துக்குப் பத்து.
ஒலிதான் பாகில் ஊறியது.
செல்லோவும் இனிப்பு, கதவு சாத்துவதும் இனிப்பு,
ஒப்பாரி வைத்தாலும் இதில் தாலாட்டாகத்தான் வரும்.
இடப்பக்கம், மேலே சொன்னபடி.

நான்கு.
எழுதுவதை நிறுத்தினேன்.
அக்கார்டியனின் துருத்தி விரியுமுன் தோல் முனகுகிறது.
வாசிப்பவன் எச்சில் விழுங்குகிறான்.
மூன்றாம் வரிசையில் யாரோ மழைக்கோட்டின் பட்டன்களை
ஒவ்வொன்றாக, கூச்சத்தோடு, கழற்றுகிறார்கள்.
இரண்டு நிமிடம் நாற்பது நொடியில்
இடது ஓரத்தில் ஒரு முக்கோணமணி அடிக்கவேண்டும்.
பதினொரு வருடமாகத் தெரிந்த மணி.
குச்சி இரும்பைத் தொட்டது கேட்டது.
மணி வரவில்லை.

படிவத்தைத் திருப்பிப் பார்த்தேன்.
மங்கல். மங்கல். மேலே சொன்னபடி.
நான்கு தொழிற்சாலைகள் கூடிப் பேசி
ஒரே தவறைச் செய்யுமா?

கழற்றி, முன்பின்னாகத் திருப்பி மாட்டினேன்.
கம்பி தவறான தோளில் தொங்கியது.
இரண்டு நிமிடம் நாற்பது.
வலது காதில் மணி விழுந்தது,
கண்ணாடித் தரையில் ஊசி போல.
அது அணைந்து முடியும் வரை கூடவே போனேன்.

தலைக்கு வந்தது
தலையில் மாட்டியதோடு போகவில்லை.

எபேயை நினைத்தேன்.
போன மார்ச்சில் என் ஒரு வரியை நம்பி
ஓர் இடது டிரைவரை நான்கு முறை பிரித்துக் கோத்தவன்.
ஒவ்வொரு முறையும் "இப்போது?" என்று முகத்தைப் பார்த்தான்.
நானும் உதட்டைப் பிதுக்கினேன், நிபுணன் மாதிரி.
கடைசியில் அந்த மாடலையே கைவிட்டார்கள்.
நல்ல மாடலாக இருந்திருக்கும்.

படிவத்தில் ஆறாவது கட்டம் காலியாக இருந்தது.
ஆறு: டார்கில் நீர்கார்ட்.
எடை எண்பத்து நான்கு கிலோ.
சௌகரியம், வீட்டில் விசாரிக்கவும்.
இடது, ஆறாயிரம் ஹெர்ட்ஸுக்கு மேல் ஆளில்லை.
உத்தரவாதக் காலம் முடிந்தது.

ஐந்தாம் எண் வைத்த இடத்திலேயே இருந்தது,
நாடா கூடக் கசங்காமல்.

ஸொல்வாய் கதவைத் திறந்து ஏதோ கேட்டாள்.
"நான்கு" என்றேன்.
கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

காரில், வைப்பர் இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் போக,
பாதி வழியில் ஞாபகம் வந்தது:
இலையுதிர்காலத்திலிருந்து சாப்பாட்டு மேசையில்
மெரெட்டே என் வலப்பக்கம் உட்காருகிறாள்.
ஜன்னல் ஓரம் குளிர்கிறது என்றாள் அன்றைக்கு.
நானும் நம்பினேன்.
காதும் காதும் வைத்தாற்போல்
ஒரு நாற்காலியை நகர்த்தியிருக்கிறாள்.