ஒன்பதாவது யோசனை

ஐந்து ரோடு டிராவல்ஸில்
தனசேகர் ஒரு தாளை நீட்டினான்:
கப்பல் பயணத்துக்குப் பதினோரு யோசனைகள்.
“ஆறு வருஷம் அங்கே அறை துடைச்சவன் நீ,
சரிபாரு.”

இஞ்சி மிட்டாய்: குமட்டலுக்குக் கேட்கும்.
நடு அடுக்கில் அறை: ஆட்டம் குறைவு, சரி.
விடியுமுன் சாய்வு நாற்காலியில் துண்டு போட்டுவை:
நம்ம டவுன் பஸ் ஜன்னல் வழிதான்.
சிரித்துக்கொண்டே டிக் அடித்தேன்.

ஒன்பதாவது,
‘முதல் நாளே கவுண்டரில் சொன்னால்
அறைப் பையனுக்கான டிப்ஸைக்
கணக்கிலிருந்து எடுத்துவிடுவார்கள்.
யாருக்கும் தெரியாது.’

உண்மைதான், எடுத்துவிடுவார்கள்.
நாகலூரில் எங்கள் கூரை
பாதி தகரத்தோடு நின்ற மழைக்காலம்
எனக்குத் தெரியும்.

தப்பு என்று எழுத முடியவில்லை,
தகவல் சரி.
பக்கத்தில் என் வீட்டு விலாசத்தை எழுதினேன்.

தனசேகர் வாசித்தான்.
இரண்டு டீ சொன்னான்.