ஆறு கிராம்

பிசியோதெரபி பொண்ணு ஷாஹிதா
என் தோளை இரண்டு விரலால் அழுத்திப் பார்த்தாள்,
மண்டியில் மாங்காய் பார்ப்பது மாதிரி.
"சதையே இல்லைம்மா.
எலும்புதான் எல்லாத்தையும் தாங்குது.
எடை தூக்கணும் நீங்க."

சிரித்துவிட்டேன்.
தருமபுரி பெரியாஸ்பத்திரி பெஞ்சில்
சீட்டோடு உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் திரும்பினார்கள்.
பத்தொன்பது வருஷமாய்
மாரண்டஅள்ளிப் பள்ளிக்கூடத்தில்
சோற்று அண்டா இறக்குகிறவளிடம்
எடை தூக்கு என்கிறாள்.

அவள் சிரிக்கவில்லை.
"அது வேலை. தேய்க்கும்.
இது பயிற்சி. பன்னிரண்டு தடவை தூக்கணும், நிறுத்தணும்,
மூச்சு வாங்கணும், மறுபடி பன்னிரண்டு.
அண்டா உங்களை நிறுத்த விடுமா?"

விடாது.

அப்புறம் என்ன சாப்பிடுகிறேன் என்று கேட்டாள்.
காலையில் களி. ராத்திரியும் களி.
நடுவில், மிஞ்சினால், சாம்பார் சோறு.
மருந்துச் சீட்டின் பின்பக்கம் எழுதினாள்:
ஐம்பத்திரண்டு கிலோ உடம்புக்கு
நாளைக்கு அறுபது கிராம் புரதம்.
முட்டை ஒன்றில் ஆறு.

ஆறு.

தினமும் நூற்றுப் பதினெட்டு முட்டை அவிக்கிறேன்.
உரித்து உரித்து நகக்கண் வெளுத்துப்போச்சு.
பஸ் பாலக்கோடு தக்காளி மண்டி தாண்டுகிறவரை
பெருக்கிக்கொண்டே வந்தேன்:
எழுநூற்றெட்டு கிராம்.
அத்தனையும் என் கைவழியே போயிருக்கிறது.

ஒருநாள் மணியடிக்கும் முன்னே மழை பிடித்து
பதினோரு பிள்ளைகளை அப்பன்மார் வந்து கூட்டிப்போனார்கள்.
தட்டில் பதினோரு முட்டை.
அமைப்பாளர் கோமளா நோட்டை விரித்தாள்,
என்னைப் பார்த்தாள்,
பேனாவை எழுதாமல் பிடித்திருந்தாள்.
"மீதம் பத்துன்னு போடட்டா?"
வேண்டாம் என்றேன்.
நேர்மை என்று நினைத்துவிடாதீர்கள்,
கறிவேப்பிலை, கைப்பிடி பருப்பு எல்லாம்
முந்தானையில் வீட்டுக்குப் போயிருக்கிறது.
முட்டைக்கு மட்டும்
ஒவ்வொன்றுக்கும் ஒரு பிள்ளையின் பேர் இருந்தது.

இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு
என்று சொல்லிவைத்தவன்
ஷாஹிதாவின் சீட்டைப் பார்த்ததில்லை.
கொள்ளு நூறு கிராமில் இருபத்திரண்டு!
மாட்டுக்குக் கொட்டினோம்,
மிஞ்சினதை ரசம் வைத்துச் சளிக்குக் குடித்தோம்.
இப்போது ராத்திரி ஊறப்போட்டு, முளைகட்டி,
காலைக் களிக்குக் கடைந்துவைக்கிறேன்.
மார்கழியில் பச்சை மொச்சை வந்தது,
தினமும் பிதுக்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை கோழிக்குழம்பில்
தொடைத்துண்டு ஒன்றை
என் தட்டில் போட்டுக்கொண்டேன்.
மகன் கரண்டியைப் பார்த்தான்.
அவர் என் தட்டைப் பார்த்தார்.
யாரும் ஒன்றும் பேசவில்லை.
மென்று முடிக்க ரொம்ப நேரம் ஆனது.

விடிகாலை, ஐந்து லிட்டர் எண்ணெய் கேனில் தண்ணீர்.
சன்னல் கம்பியில் சிவப்பு ரப்பர் பட்டை.
பன்னிரண்டை மாசமாய் எண்ணுகிறேன்:
சித்திரை சுலபம்.
ஆடியில் கை நடுங்கும்.
ஐப்பசியில் பல்லைக் கடிப்பேன்.
தையில், "என்ன பயில்வான், குஸ்தி எப்போ?"
என்பார் திம்மராயன் போர்வைக்குள்ளிருந்து.
பதில் சொன்னால் எண்ணிக்கை போய்விடும்.
பங்குனியில் கேனைக் கீழே வைக்கிறேன்.
வைக்கலாம்.
அதுதான் எனக்குப் புதுசு.
யாரும் பசியோடு தட்டேந்தி நிற்கவில்லை,
உலை பொங்கவில்லை,
நான் நின்று மூச்சு வாங்குகிறேன்.

போன வாரம் சோறு போடுகையில்
மூன்றாம் வகுப்பு தன்ஷிகா
என் மேல்கையைத் தொட்டு அமுக்கினாள்.
"ஆயா, உள்ள முட்டை இருக்கு!"
வரிசை மொத்தமும் எட்டிப் பார்த்தது.
கோமளா நோட்டிலிருந்து நிமிர்ந்தாள்.
"அது கணக்குல வராதுடி" என்றேன்.

இடது கை இன்னும்
புளிப்பானை இருக்கிற மேல்தட்டுக்கு எட்டவில்லை.
செவ்வாய்க்கிழமை தருமபுரி போகணும்.
பச்சைப் பட்டை தருகிறேன் என்றிருக்கிறாள்,
அது இழுக்க இன்னும் கஷ்டமாம்.