மீன் என்று ஒரு மீன் இல்லை

சனிக்கிழமை நாலு மணி.
குறும்பனை ஏலக்கூடத்தில்
ஐஸ் பெட்டிகளைக் கழுவிக் கவிழ்த்தாயிற்று.
நானும், ஆஸ்பத்திரி டூட்டி முடிந்து ஓடிவந்த டெல்பினும்
தார்ப்பாய் விரிக்கிறோம்.
பதினேழு புத்தகங்கள்.
போன வாரம் பதினெட்டு.
ஒன்றை ஆன்சி தின்றுவிட்டாள்,
பத்து மாதம், இப்போதுதான் பல் முளைக்கிறது;
அட்டை யானைக்குத் தும்பிக்கை போயிற்று.

"படிக்கத் தெரியாத பிள்ளைக்குப் புத்தகம் எதுக்கு?"
வலை பொத்தும் ததேயுஸ் வாராவாரம் கேட்பார்.
கேட்டுக்கொண்டே
எங்கள் பக்கம் கொஞ்சம் நகர்ந்து உட்காருவார்.

இன்று ரெக்சன் என் மடியில்.
மூன்று வயது. அப்பன் ஆழ்கடலில்,
திரும்ப இன்னும் இருபது நாள்.
பக்கத்தைத் திருப்பி வாசித்தேன்:
மீன்.
படத்தைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.
"இது மீன் இல்ல."
"பின்னே?"
"சாளை."

அடுத்த பக்கத்திலும் மீன் என்றே போட்டிருந்தது.
"அது அயிலை. இது கிளாத்தி,
எங்கம்மை தோல உரிச்சுப் போட்டு..."
பாயில் இருந்த ஏழு பிள்ளைகளும் கூடிவிட்டார்கள்,
எட்டாவதாக ததேயுஸ்:
"கிளாத்தி இல்ல மக்களே, பாரை. வாலைப் பாரு."

வரைந்தவர் எந்த ஊரோ.

டெல்பின் பையிலிருந்து பேனா எடுத்தாள்.
மீனை அடிக்கவில்லை.
அதற்குக் கீழே சின்னதாக எழுதினாள்:
சாளை.

ரெக்சன் அந்த எழுத்தின்மேல் விரல் வைத்தான்,
ஈரம் இருக்கிறதா என்பதுபோல.
அப்புறம்
விரலை மோந்து பார்த்தான்.