மஞ்சள் விரல்

வியாழன் மாலைகளில் அல்சூரில்
ஒரு தையல் கடையின் மேல்மாடியில் கூடுகிறோம்.
யாரையும் எடை போடாதீர்கள் என்கிறார் தேவநாதன்.
எச்.ஏ.எல்.லில் முப்பது வருடம் ரிவெட் அடித்தவர்,
குரலில் இன்னும் அந்தத் தட்டல் இருக்கிறது.
எடைபோடும் மனம் தராசைவிட்டு இறங்காது,
இறங்காத மனம் எங்கே போய்க் கும்பிடும்?
நாங்கள் தலையாட்டுகிறோம்.
கீழே செருப்புக்குக் காவலாக ஒரு பையன்,
போன மாதம் இரண்டு ஜோடி காணாமல் போனதிலிருந்து.
முகத்தைப் பார்த்ததுமே தெரிந்ததாம்
நல்ல பையன் என்று.

சுண்டலுக்கு நீட்டிய என் கையைப் பார்த்து
வரிசையில் ஒருத்தி சொன்னாள்:
இந்தக் காலத்தில் யார் இப்படித்
தினம் மஞ்சள் பூசிக் குளிக்கிறார்கள்.
கழுத்தைப் பார்த்திருந்தால் வேறு சொல்லியிருப்பாள்.
நான் மறுக்கவில்லை.
அது நைட்ரிக் அமிலம்.
கட்டைவிரலும் சுட்டுவிரலும்
பதினான்கு வருடமாக இப்படித்தான்.

ஸ்ரீராம்புரம் கூட்டுறவு வங்கியில் நகை மதிப்பீட்டாளர்.
கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால்
ஒரு கறுப்புக் கல், அரம், சீசா,
மூச்சு பட்டால் நடுங்கும் தராசு.
கல்லில் தேய்க்கும் முன்பே
முக்கால்வாசி தெரிந்துவிடும் எனக்கு.
கழுத்திலிருந்து கழற்றித் தருகிறவள் வேறு,
கைக்குட்டையில் முடிந்து கொண்டுவருகிறவள் வேறு.
மேனேஜர் பெயரை முதலில் சொல்கிறவனை
அவன் நாற்காலியை இழுப்பதற்குள்
உரசிப் பார்த்தாகிவிடும்.

ஒரே ஒருமுறை உரசாமல் விட்டேன்.
ஆஸ்பத்திரிச் சீட்டு, சிவந்த கண், நான்கு வளையல்.
மேலே பூச்சு, உள்ளே செம்பு.
இருபத்தாறு மாதம் சம்பளத்தில் பிடித்தார்கள்.
அந்த வருடம் தங்கையின் பீஸுக்கு
யார் வாசலில் நின்றேன் என்பதை
இங்கே எழுதப்போவதில்லை.
அந்தப் பெண்ணை மன்னித்துவிட்டதாகத்
தியானத்தில் மூன்று முறை உணர்ந்திருக்கிறேன்.
ஜாலஹள்ளி பஸ்ஸில் அவள் சாயலில் ஒருத்தியைக் கண்டபோது
என் ஸ்டாப் வரும் முன்பே இறங்கி
பின்னாலேயே போனேன்.

நேற்று முனிலட்சுமி வந்தாள்.
கே.ஆர். மார்க்கெட்டில் பூவுக்கு முழம் போடுகிறவள்.
கழுத்திலிருந்துதான் கழற்றினாள்,
வியர்வையில் ஒட்டி வர மறுத்தது சங்கிலி.
நல்லா பாத்துச் சொல்லுக்கா,
மூணரை சவரன், எங்கண்ணன் போட்டது.
இருபத்திரண்டு காரட் என்று நினைத்தேன்,
சங்கிலியைச் சொல்லவில்லை.

கல்லில் கோடு பொன்னாகத்தான் விழுந்தது.
கொக்கி ஓரம் அரத்தால் ராவி, ஒரு சொட்டு.
பச்சையாய் நுரைத்தது.
இன்னொரு கண்ணியில் ராவினேன்.
பச்சை.
இதற்கு எங்களிடம் ஒரு வாக்கியம் உண்டு:
கடன் தரத் தகுதியற்றது.
சொல்லும்போது கண்ணைப் பார்க்கக் கூடாது.
பார்த்தேன்.
தெரிந்து வந்தாளா, தெரியாமலா,
பழக்கத்தில் மனம் தானாகத் தேய்க்கத் தொடங்கியது.
ஒரு கோடும் விழவில்லை.

அவள் நுரை அடங்கும்வரை அதையே பார்த்தாள்.
கடைக்காரன் அவனை ஏமாத்தியிருப்பான்கா என்றாள்.
பிறகு, இல்ல, என்றாள்.
எதற்கு இல்லை என்று சொல்லவில்லை.
அண்ணன் போன ஆடியில் போய்ச் சேர்ந்துவிட்டானாம்.

துடைத்துத் தரவா என்றேன்.
பரவால்லக்கா.
ராவிய இடம் உள்பக்கம் வரும்படி திருப்பி
மறுபடி கழுத்தில் போட்டுக்கொண்டு
இரண்டு முறை இழுத்துப் பார்த்தாள்
கொக்கி சரியாக விழுந்ததா என்று.

ரிஜிஸ்டரில் கடைசிக் கட்டம்,
வாடிக்கையாளரைப் பற்றிய குறிப்பு.
சந்தேகம் என்று எழுதினால்
எல்லாக் கிளைக்கும் அவள் பெயர் போகும்.
எழுதாவிட்டால் ஏதோ ஒரு கிளையில்
ஏதோ ஒருத்திக்கு என் இருபத்தாறு மாதம்.
பேனாவைத் திறந்து வைத்திருந்தேன்
அடுத்த டோக்கன் வரும்வரை.
கட்டம் இன்னும் காலி.

இன்று வியாழன்.
கண்ணை மூடுங்கள் என்கிறார் தேவநாதன்.
படியேறும்போது அந்தப் பையன் சிரித்தான்.
நல்ல சிரிப்பு, சந்தேகமில்லை.
மடியில் இருக்கும் பைக்குள்
செய்தித்தாளில் சுற்றி
என் செருப்பு.