நட்சத்திரம் விழாத வரிசை

பதினொரு மாதம் இழுத்த கணக்கு
நேற்றிரவு ஒன்றேகாலுக்கு முடிந்தது.
அடையாள அட்டைச் சட்டம் வருமுன்
டன்மோர் கவுண்டியில் ஓட்டுப் போட்டவர்கள்
நூற்றுக்கு ஐம்பத்திரண்டு.
வந்த பின்னும் ஐம்பத்திரண்டு.
தசமப் புள்ளிக்கு அப்பால் ஏதோ நடுங்குகிறது,
அது பிழைக்குள் அடங்கும்.
அட்டவணையில் அந்த வரிசைக்குப் பக்கத்தில்
நட்சத்திரம் விழவில்லை.

‘விளைவு இல்லை’ என்று அடித்தேன்.
அடித்துவிட்டு நன்றாகத் தூங்கவும் செய்தேன்.

காலையில் கார் எடுத்தது வேறு வேலைக்கு,
தூரம் சரிபார்க்க.
தீயணைப்பு நிலையத்தில் இருந்த வாக்குச்சாவடி
இப்போது கோர்ட் கட்டடத்தில். முப்பத்தொரு மைல்.
மீட்டரைக் குறித்துக்கொண்டிருந்தபோது
கண்ணாடியைத் தட்டினார் வெர்லீன் பாக்ஸ்டர்:
“வழி தவறிட்டீங்களா?”

சர்ச் வேன் அவருடையது இல்லை,
சாவி மட்டும் அவரிடம்.
தேர்தலன்று ஏழு நடை.
பெட்ரோல் காசு வறுத்த மீன் விற்று வந்தது.
அட்டை தரும் அலுவலகம் திறப்பது
வியாழன் ஒருநாள்தான்.
ஆர்டீலியா கிரம்ப்புக்கு நாலு வியாழன் ஆனது.
பிறந்த சான்றிதழில் மருத்துவச்சி
ஓர் எழுத்தைக் கூட்டிப் போட்டிருந்தாள்,
எண்பத்தொரு வருடம் யார் கண்ணிலும் படாத எழுத்து.
நோட்டரி முன் சத்தியம் செய்துதான்
அதை இறக்கிவைக்க முடிந்தது.

“ஓட்டுப் போட்டாரா?”
“போடாம?” சிரித்தார் வெர்லீன்.
“கொட்டுற மழை. குடை என் கையில.
அட்டை அவங்க கையில, ரொட்டிக் கவருக்குள்ள.
மருமகன்தான் வரல. ஷிஃப்டை மாத்திக் கொடுக்கல.”

மாலையில் கோப்பைத் திறந்தேன்.
ஆர்டீலியா அதில் ஒன்று.
மருமகன் பூஜ்யம்.
தெருவைத் தாண்டிப் போய்ப் போட்ட ஒன்றும்
நாலு வியாழனும் ஒரு குடையும் போட்ட ஒன்றும்
கட்டத்துக்குள் ஒரே உயரம்.

இரண்டு பக்கமும் மூச்சைப் பிடித்து இழுக்கையில்
வடத்தின் நடுவில் கட்டிய கைக்குட்டை
அசையாமல்தான் நிற்கும்.
நான் கைக்குட்டையை அளந்திருக்கிறேன்.

பெட்ரோலுக்கு ஒரு பத்தி சேர்க்கலாமா என்று
பேராசிரியர் ஹால்வர்சனுக்கு எழுதினேன்.
“தரவு எங்கே?” இரண்டே சொல்லில் பதில்.
நியாயமான கேள்வி.
வெர்லீனிடம் ஒரு நோட்டு இருக்கிறதாம்,
மளிகை ரசீதுகளுக்கு நடுவே,
யாரை எங்கே எத்தனை மணிக்கு ஏற்றினார் என்று
பென்சிலில்.
அடுத்த வெள்ளி வந்தால் தருவார்.
மீனுக்குச் சில்லறையாகக் கொண்டுவரச் சொன்னார்.

‘விளைவு இல்லை’யை அழிக்கவில்லை.
அது பொய்யும் இல்லை.
பக்கத்தில் ஒரு நட்சத்திரம் வைத்தேன்,
கணக்கு தந்தது அல்ல,
அடிக்குறிப்புக்கானது.
பக்கத்தின் அடியில் அதன் இணை நட்சத்திரம்,
அதற்குப் பிறகு இப்போதைக்கு
வெற்றிடம்.